மணப்பெண் பெயரில் "ஹுய்": துடைப்பம் என்றா அர்த்தம்?

பெரம்பூர்க்காரன் கேட்டது:

வணக்கம். சீன மொழி தெரிந்தவர்கள் யாராவது இந்தப் பக்கம் இருந்தால் கொஞ்சம் உதவுங்கள். சனிக்கிழமைக்குள் எனக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்.

என் தம்பி எட்டு வருடமாக சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அங்கேயே பிறந்து வளர்ந்த சீனப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். இரண்டு வீட்டிலும் சம்மதம், தை மாதம் இங்கே பெரம்பூரில் முகூர்த்தம். பத்திரிகையில் பெண் பெயரைத் தமிழில் போட்டு, பக்கத்திலேயே சீன எழுத்திலும் போட்டால் அவர்கள் வீட்டில் சந்தோஷப்படுவார்கள் என்று என் மனைவி சொன்னாள். எனக்கும் அது சரியாகப் பட்டது, பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெயரின் முதல் பாதி "ஹுய்". முழுப் பெயரைப் பொதுவில் போட விருப்பம் இல்லை, மன்னிக்கவும். என் ஆயா, அப்பாவைப் பெற்றவர், 84 வயது, "பேருக்கு என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டார். வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன் உடனே போனில் தேடி, "துடைப்பம்னு போட்டிருக்கு ஆயா" என்று சத்தமாகப் படித்துவிட்டான். ஆயா அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கல்யாணப் பத்திரிகையில, புள்ளையார் சுழிக்குக் கீழ, துடப்பமா?" என்று கேட்டார். அந்தப் பெண் மீது அவருக்கு எந்தக் குறையும் இல்லை, போன தடவை வந்தபோது பக்கத்தில் உட்கார வைத்துப் பூ வைத்து விட்டவர் அவர்தான். ஆனால் மனதில் அது உறுத்துகிறது என்று முகத்திலேயே தெரிகிறது. பெண்ணிடமே நேராகக் கேட்டுவிடலாம்தான், "உன் பெயருக்குத் துடைப்பம் என்று அர்த்தமா" என்று எந்த வாயால் கேட்பது? உண்மையில் அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிராங்கூன் ரோடு:

அண்ணா, முதலில் வாழ்த்துகள். நான் பதினாறு வருடம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு இப்போது அண்ணா நகரில் இருக்கிறேன். போனில் தேடிய பையன் மீது தப்பு இல்லை, ஆனால் தேடிய விதம் தப்பு.

"ஹுய்" என்பது எழுத்து இல்லை, வெறும் ஒலி, அதுவும் அரைகுறை ஒலி. ஆங்கிலத்தில் நம் ஊர்ப் பெண் ஒருத்தியின் பெயரை "கலை" என்று எழுதினால் வெளியூர்க்காரனுக்கு அது கலையா, வயலில் பிடுங்கும் களையா என்று எப்படித் தெரியும்? ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். அகராதியைப் புரட்டினால் "வேண்டாத புல்" என்று வந்து நிற்கும், கலைச்செல்வி என்று பெயர் வைத்த அப்பாவுக்கு எப்படி இருக்கும் யோசித்துப் பாருங்கள். அதே கதைதான் இங்கேயும் நடந்திருக்கிறது.

மாண்டரினில் இதை "ஹுவேய்" என்று சொல்வார்கள், வாயைக் குவித்து ஒரே அசையாக. பெண்கள் பெயரில் நான் அடிக்கடி பார்த்தவை மூன்று எழுத்து: ஒன்று அறிவு, தெளிவு என்ற பொருளில் வருவது, இன்னொன்று கருணை, பிறருக்குச் செய்யும் நன்மை, மூன்றாவது வாசனைச் செடி ஒன்றின் பெயர், நாம் மரிக்கொழுந்து என்று சொல்கிற மாதிரி. மூன்றுக்கும் ஒலி ஒன்று, தொனியும் ஒன்று, மேலிருந்து கீழே சட்டென்று இறங்கும் நான்காவது தொனி. தொனி மாறினால் இன்னும் பல எழுத்துகள் வரும். ஒளி, பிரகாசம் என்று ஒரு "ஹுய்" இருக்கிறது, அது தொனி இறங்காமல் மேலேயே நீளும் முதல் தொனி, ஆண்கள் பெயரில் நிறைய உண்டு. ஹாங்காங் பக்கம் கான்டனீஸ் பேசுகிறவர்கள் இதே அறிவு எழுத்தை "வாய்" என்பார்கள். அங்கே 90களில் பிரபலமாக இருந்த பாடகி விவியன் சௌவின் சீனப் பெயர் சௌ வாய்-மன், அதில் வருகிற "வாய்" இந்த எழுத்துதான். மாண்டரினில் படித்தால் அதுவே "ஹுய் மின்" என்று ஆகிவிடும், அந்தப் பெயரில் சிங்கப்பூரில் என் அலுவலகத்திலேயே இரண்டு பேர் இருந்தார்கள்.

அதனால் எழுத்தைப் பார்க்காமல் யாரும் உங்களுக்குச் சரியான பதில் சொல்ல முடியாது. தம்பியிடம் கேட்டு எழுத்து எப்படி இருக்கிறது என்று இங்கே சொல்லுங்கள். படம் ஏற்ற வேண்டாம், வார்த்தையில் சொன்னாலே போதும்.

பெரம்பூர்க்காரன்:

ரொம்ப நன்றி தம்பி. கலை, களை விளக்கத்தை ஆயாவிடம் சொன்னேன், கொஞ்சம் தேறினார்.

பெண் கைப்பட எழுதி அனுப்பிய சீட்டின் படம் தம்பியிடம் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். எழுத்து மூன்று அடுக்காக இருக்கிறது. மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மொட்டைமாடி ஆன்டெனா, அந்தக் காலத்து டிவி ஆன்டெனா மாதிரியே, ஒரு கம்பி, அதில் மூன்று குறுக்குக் கம்பி. நடுவில் இடது பக்கம் திறந்த... இல்லை, ஆங்கில ஈ எழுத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி ஒன்று. கீழே மூன்று சொட்டு, அவற்றுக்கு நடுவே தூண்டில் முள் மாதிரி ஒரு வளைவு.

இன்னொரு குழப்பமும் வந்துவிட்டது. கடையிலிருந்து நேற்று மாதிரித் தாள் வந்தது. அதில் கீழே அதே சொட்டும் தூண்டிலும் இருக்கிறது, ஆனால் மேலே ஆன்டெனா இல்லை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு பெட்டி, பெட்டிக்கு நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு குத்தி நிற்கிறது. இது அதுதானா, எழுத்துரு மாறியதால் வேறு மாதிரி தெரிகிறதா, இல்லை வேறு எழுத்தா?

மாடவீதி:

வேறு எழுத்து சார். தயவுசெய்து அந்தத் தாளுக்கு ஒப்புதல் கொடுத்துவிடாதீர்கள். பெண் எழுதியது அறிவு, கடை போட்டது கருணை. இரண்டுமே நல்ல பெயர்கள், ஆனால் ஒருவருடைய பெயர் இன்னொருவருடையது ஆகாது. கணினியில் ஒலியைத் தட்டினால் ஒரு வரிசை எழுத்துகள் வந்து நிற்கும், அதில் அவர்கள் பக்கத்தில் இருந்ததைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

நான் மயிலாப்பூரில் இருந்துகொண்டு ஒன்பது வருடமாகச் சீனம் படிக்கிறேன், பிழைப்புக்கு மொழிபெயர்ப்பு. இந்த எழுத்து எனக்கு மிகவும் பிடித்த எழுத்துகளில் ஒன்று என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன ஆன்டெனா இரண்டும் மிலாறு, அதாவது கொத்துக் குச்சி. நடுவில் இருக்கிற திருப்பிப் போட்ட ஈ, ஒரு கை. பழைய வடிவத்தில் கையை மூன்று விரலோடு வரைவார்கள், அந்த மூன்று விரல்தான் மூன்று கிடைக்கோடாக நிற்கிறது. கை பிடித்த குச்சிக் கட்டு, ஆக மேல் இரண்டு அடுக்கும் சேர்ந்தால் துடைப்பம் என்ற தனி எழுத்து. இதை மறைக்க வேண்டியதே இல்லை, பையன் படித்தது பொய் இல்லை. அடியில் இருக்கிற மூன்று சொட்டும் தூண்டிலும் இதயம். ஆதியில் நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் இதயத்தையே படமாக வரைந்திருக்கிறார்கள், எழுதி எழுதிச் சொட்டாகிவிட்டது. சீனத்தில் இதயம், மனம் இரண்டுக்கும் இதே சொல்தான், நாம் நெஞ்சு என்று சொல்வது போல. எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு குச்சிக்கும் நான்கு கோடு, கைக்கு மூன்று, இதயத்துக்கு நான்கு, மொத்தம் 15 கோடு. கடைக்காரர் போட்ட எழுத்தில் 12 தான் வரும். தாளைச் சரிபார்க்க உங்களுக்கு இது உதவும்.

சரி, துடைப்பமும் இதயமும் சேர்ந்தால் எப்படி அறிவு ஆகும்? "மனதைப் பெருக்கித் தூய்மை செய்தால் அறிவு பிறக்கும், அதனால்தான்" என்று இணையத்தில் நூறு இடத்தில் எழுதியிருப்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் எழுத்து உருவான கதை அது இல்லை. ஷு ஷென் என்ற அறிஞர் பொ.ஆ. 100 வாக்கில் முடித்த பழைய எழுத்து அகராதி ஒன்று இருக்கிறது, 9353 எழுத்துகளுக்கு விளக்கம் சொல்லும் நூல். அதில் இந்த எழுத்துக்கு அவர் சொல்வது ரொம்பச் சுருக்கம்: இதயத்திலிருந்து பொருள், துடைப்பத்திலிருந்து ஒலி. அவ்வளவுதான். துடைப்பத்துக்கும் சீனத்தில் "ஹுவேய்" என்றே பெயர், இன்றும் மாண்டரினில் இரண்டுக்கும் அதே ஒலி, அதே இறங்கு தொனி.

தமிழில் வைத்துச் சொன்னால் இப்படி. நமக்கு எழுத்துகளே இல்லை, எல்லாவற்றையும் படமாகத்தான் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நகை" என்று எழுத வேண்டும், எப்படி? பொன்னுக்கு ஒரு குறி போட்டு, ஒலிக்காகப் பக்கத்தில் ஒரு கையை வரைந்துவிடலாம். பொன் சம்பந்தப்பட்டது, "கை" என்ற ஒலி வருவது, படிக்கிறவர் நகை என்று புரிந்துகொள்வார். ஆயிரம் வருடம் கழித்து ஒரு வெளியூர்க்காரர் வந்து அந்தப் படத்தைப் பிரித்துப் பார்த்து "தமிழர்கள் நகையைத் தங்கக் கை என்று அழைத்தார்கள்" என்று எழுதினால் எவ்வளவு தப்பு! சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான் கட்டப்பட்டவை, ஒரு பாதி பொருளுக்கு, ஒரு பாதி ஒலிக்கு. அதனால் ஆயாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள், பெயரின் பொருள் அறிவு, அந்தத் துடைப்பம் ஒலிக்காக வந்து நிற்கிறது.

ஆனால் நான் அந்தத் துடைப்பத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக மாட்டேன், அதற்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது. சீனர்கள் வால் நட்சத்திரத்தைத் "துடைப்ப நட்சத்திரம்" என்கிறார்கள், இதே எழுத்தை வைத்து. பொ.ஆ.மு. 240இல் கிழக்கு வானில் துடைப்ப நட்சத்திரம் தோன்றியது என்று அவர்களுடைய பழைய வரலாற்றுக் குறிப்பில் இருக்கிறது, 1986இல் வந்து போன அதே ஹாலிதான் அது. பனி என்ற எழுத்து இருக்கிறதே, வானிலிருந்து கொட்டும் வெண்பனி, அதன் பழைய வடிவத்தில் மேலே மழை, கீழே இதே துடைப்பம். இன்றைய வடிவத்தில் குச்சிகள் உதிர்ந்துபோய் கை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அப்புறம், வால் நட்சத்திரம் தோன்றியதைப் பற்றிப் பேசும் ஒரு பழைய நூலில், துடைப்பம் பழையதை நீக்கிப் புதியதைப் பரப்புவது என்று ஒரு வரி வருகிறது. முதல் தடவை படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நன்னூலில் "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்ததுதானே இது. போகிக்கு ஆயா சொல்லாமல் இருந்திருப்பாரா?

இன்னொன்றையும் ஆயாவிடம் கேளுங்கள். விளக்கு வைத்த பிறகு வீட்டைப் பெருக்கக் கூடாது, லட்சுமி போய்விடுவாள் என்று நம் வீட்டில் சொல்வார்கள். சீனர்கள் புத்தாண்டு முதல் நாளில் துடைப்பத்தைத் தொட மாட்டார்கள், வந்த அதிர்ஷ்டத்தை வாரி வெளியே கொட்டியது மாதிரி ஆகிவிடும் என்று. துடைப்பத்தைக் காலால் மிதிக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம், அதை அபசகுனம் என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை.

தக்கிளி:

மாடவீதி ஐயா, கடைக்காரர் மாற்றிப் போட்ட எழுத்தைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், அதை நாலு பேர் முன்னால் குறைவாகப் பேசி விடக் கூடாது. அந்தப் பெட்டியும் நடுக்கோடும் நூல் நூற்கிற கதிர் என்று எழுத்து ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். நான் ஆறாவது படித்தபோது பள்ளியில் தக்கிளி நூற்போம், பஞ்சை இழுத்து விட்டுச் சுழற்றினால் கீழே வட்டு சுற்றிக்கொண்டே இறங்கும். அந்தத் தக்கிளியை மனதில் வைத்துப் பார்த்தால் எழுத்து மறக்கவே மறக்காது. கதிருக்குக் கீழே இதயம், பொருள் அன்பு, கொடை. மாடவீதி சொன்ன பழைய அகராதியும் அதற்கு அன்புடைமை என்றுதான் பொருள் தருகிறது. அதன் தலையில் புல் என்ற குறியை வைத்தால் சிராங்கூன் ரோடு சொன்ன வாசனைச் செடி வந்துவிடும்.

கொரியத் தொடர் ரசிகை:

இது எனக்குப் புதுச் செய்தி! கொரியப் பெயர்களில் "ஹே" என்று வருவது பாதிக்குப் பாதி இந்த இரண்டு எழுத்துதான் போலிருக்கிறதே. நடிகை சோங் ஹே-கியோ பெயரில் வரும் ஹே, துடைப்பமும் இதயமும் சேர்ந்த அறிவு எழுத்து. தென் கொரியாவின் முன்னாள் அதிபர் பாக் கியூன்-ஹே பெயரில் வரும் ஹே, தக்கிளி சொன்ன கருணை எழுத்து. கொரிய எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி, சீன எழுத்தைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பெரம்பூர் அண்ணா, ஆயாவிடம் சோங் ஹே-கியோ படத்தைக் காட்டி "இந்தப் பொண்ணு பேர்லயும் அதே எழுத்துதான்" என்று சொல்லிப் பாருங்கள், எங்கள் வீட்டுப் பாட்டியாக இருந்தால் அதிலேயே சமாதானம் ஆகிவிடுவார்.

கிழக்குத் தாம்பரம்:

இந்த எழுத்தை இவ்வளவு பெரிதாக்கியது பௌத்தம், அதை யாரும் சொல்லவில்லை. பிரக்ஞை, அதாவது மெய்யறிவு, என்ற சமஸ்கிருதச் சொல்லைச் சீனத்தில் கொண்டுபோனபோது ஒலியை அப்படியே பெயர்த்து ஒரு சொல், பொருளுக்கு இந்த "ஹுய்" என்று இரண்டு வழியிலும் எழுதினார்கள். சீலம், சமாதி, பிரக்ஞை என்று மூன்று பயிற்சிகள் சொல்வார்களே, அதில் மூன்றாவது இதுதான். துறவிகள் பெயரைப் பாருங்கள்: ஹுய் யுவான் (334–416), ஹுய் நெங் (638–713), இன்னும் வரிசையாக வரும்.

நமக்கு ரொம்ப நெருக்கமானது ஹுய் கே. போதிதர்மரின் சீடர். இவருக்கு அந்தப் பெயரை வைத்ததே போதிதர்மர் என்று சென் (நாம் ஜென் என்பது) மரபு நூல்கள் சொல்கின்றன. கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். சோங் மலையில் போதிதர்மர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், இவர் வெளியே முழங்கால் பனியில் விடிய விடிய நிற்கிறார், கடைசியில் தன் கையையே வெட்டிக் கொடுக்கிறார். "என் மனம் அமைதியாக இல்லை, அமைதிப்படுத்துங்கள்" என்று கேட்கிறார். "மனதைக் கொண்டு வா, அமைதிப்படுத்துகிறேன்." "தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை." "அப்படியானால் அமைதிப்படுத்தியாகிவிட்டது." இப்போது மாடவீதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். பனி, கை, இதயம், எல்லாம் இந்தக் கதைக்குள் இருக்கிறது, அவர் வாங்கிய பெயருக்குள்ளும் இருக்கிறது. எனக்கு உண்மையிலேயே சிலிர்த்துவிட்டது. காஞ்சிபுரத்திலிருந்து போன ஒருவர் கொடுத்த பெயர் திரும்பி பெரம்பூருக்கு மருமகளாக வருகிறது என்று ஆயாவிடம் சொல்லுங்கள்.

மாடவீதி:

தாம்பரம் சார், பனியையும் கையையும் நான் அப்படிச் சேர்த்துப் பார்த்ததே இல்லை, நன்றி. இரண்டு திருத்தம் மட்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். போதிதர்மர் தென்னிந்தியர், ஒரு பேரரசரின் மூன்றாவது மகன் என்று தான்லின் என்பவர் எழுதிய பழைய குறிப்பில் இருக்கிறது. காஞ்சிபுரம் என்ற பெயர் அதில் இல்லை, அது பின்னால் சேர்ந்த மரபு. அதற்கும் முன்னால், 547 வாக்கில் லுவோயாங் நகரத்து மடங்களைப் பற்றி எழுதியவர் ஒருவர் அவரைப் பாரசீகர் என்கிறார். கையை வெட்டிய கதையும் எல்லா நூலிலும் ஒரே மாதிரி இல்லை. ஆயாவிடம் சொல்லும்போது "அப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது" என்று சொன்னால் போதும், அழகு ஒன்றும் குறையாது.

இரண்டாவது, எழுத்து பௌத்தத்துக்கு முன்பே இருந்தது, அறிவு என்ற பொருளிலும் இருந்தது. மென்சியஸ் என்ற சீனத் தத்துவ அறிஞர் காலத்திலேயே, அதாவது பொ.ஆ.மு. 4ஆம் நூற்றாண்டில், "அறிவு இருந்தாலும் தக்க தருணத்தைப் பிடிப்பதே மேல்" என்ற பொருளில் ஒரு பழமொழி வழங்கியிருக்கிறது, அதில் இந்த எழுத்து வருகிறது. ஆனால் கன்ஃபூசியஸ் வாக்கில் ஓரிடத்தில் இதே சொல் "சின்னப் புத்திசாலித்தனம்" என்ற சாயலில் வருகிறது. நாள் முழுக்கக் கூடி உட்கார்ந்து நல்லது ஒன்றும் பேசாமல் சில்லறைச் சாமர்த்தியம் காட்டுகிறவர்களைப் பற்றி அவர் குறைப்படும் இடம். சுறுசுறுப்பான மூளை என்ற அளவில் இருந்த சொல்லை, உள்ளதை உள்ளபடி காணும் தெளிவு என்ற உயரத்துக்குக் கொண்டுபோனதில் பௌத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அதில் நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன்.

திருவல்லிக்கேணி அத்தை:

பிள்ளைகளா, எனக்குச் சீனம் தெரியாது. தேவாரம் தெரியும். "நிலைபெறுமா றெண்ணுதியேல் நெஞ்சே நீவா" என்று அப்பர் பாடுகிறாரே, அடுத்து என்ன சொல்கிறார்? தினமும் கோயிலுக்குள் போய், பொழுது விடிவதற்கு முன்னால் அலகிட்டு மெழுக்கும் இட்டு என்கிறார். அலகு என்றால் துடைப்பம். நெஞ்சைக் கூப்பிட்டு, அதன் கையில் துடைப்பத்தைக் கொடுக்கிறார். மாடவீதி சொன்னது மாதிரி அந்த எழுத்தில் துடைப்பம் ஒலிக்காகத்தான் வந்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனாலும் நெஞ்சும் துடைப்பமும் ஒன்றாக நிற்பது நமக்குப் புதிது இல்லை. பெரம்பூர்த் தம்பி, உங்கள் ஆயாவுக்கு இந்தப் பாட்டு நிச்சயம் தெரிந்திருக்கும், முதல் அடியைப் பாடிவிட்டு விட்டுவிடுங்கள், மிச்சத்தை அவரே பாடுவார்.

ராயபுரம் அச்சகம்:

அண்ணே, பத்திரிகை வேலைக்கு என் பங்குக்குச் சொல்கிறேன். கடையில் ஒலியைத் தட்டித் தேட விடாதீர்கள். தம்பியின் போனிலிருந்து அந்தப் பெயரை அப்படியே நகல் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், கடைக்காரர் அதையே ஒட்டட்டும். அவர் கணினியில் சீன எழுத்துரு இல்லை என்றால் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாக வரும், பயப்பட வேண்டாம், எழுத்துருவை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எழுத்து சரியாக வந்ததும் அதைக் கோட்டு வடிவமாக மாற்றிவிடச் சொன்னால் அச்சுக்குப் போகும்போது மாறாது. சீன முறையில் குடும்பப் பெயர் முதலில் வரும், சொந்தப் பெயர் பின்னால். அதைத் தமிழ் வழக்கத்துக்காகத் திருப்பிப் போட வேண்டாம், இரண்டு வரியிலும் ஒரே வரிசை இருக்கட்டும். அச்சேறுவதற்கு முன் தாளைப் படம் பிடித்துப் பெண்ணுக்கே அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள்.

சிராங்கூன் ரோடு:

அச்சகம் அண்ணன் சொன்னதோடு ஒன்று. கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றீர்கள், கூச்சமே வேண்டாம். அங்கே இரண்டு சீனர்கள் அறிமுகமானாலே "எந்த ஹுய்?" என்று கேட்பது சாதாரணம். உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவார்கள், இல்லை "அறிவு என்ற சொல்லில் வருமே, அந்த ஹுய்" என்பார்கள். பெயர் வைத்தது யார் என்றும் கேளுங்கள். பல வீடுகளில் பிறந்த நேரம் பார்த்து, கோட்டு எண்ணிக்கை பார்த்து வைப்பார்கள், நம் வீட்டில் நட்சத்திரம் பார்த்து முதல் எழுத்து எடுப்பது மாதிரி. அக்கா தங்கை எல்லோருக்கும் ஒரு எழுத்தைப் பொதுவாக வைப்பதும் உண்டு.

பெரம்பூர்க்காரன்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நேற்று இரவு தம்பியும் அந்தப் பெண்ணும் வீடியோவில் வந்தார்கள். சிராங்கூன் ரோடு சொன்னதை நம்பி நேராகவே கேட்டேன், "எந்த ஹுய்?" என்று. அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு சந்தோஷம். உள்ளங்கையைக் கேமராவுக்குக் காட்டி விரலால் ஒவ்வொரு கோடாக எழுதினாள், நாங்கள் இந்தப் பக்கம் எண்ணினோம், பதினைந்து. அவளுடைய அம்மாவைப் பெற்ற தாத்தா வைத்த பெயராம். அவருக்குப் பள்ளிக்கூடம் போக வாய்ப்பு இல்லை, பேத்தி படித்தவளாக வர வேண்டும் என்று இந்த எழுத்தைத் தேடி வைத்தாராம். அவர் இப்போது இல்லை. தங்கைக்கும் முதல் எழுத்து ஹுய்தானாம்.

ஆயா பக்கத்தில்தான் இருந்தார். துடைப்ப விஷயத்தை நான் எடுக்கவில்லை, அவரே எடுத்துவிட்டார், தம்பி மொழிபெயர்த்தான். அந்தப் பெண் கொஞ்சமும் வருத்தப்படாமல், ஆமாம் பாட்டி, சின்ன வயதில் ஆசிரியர் அப்படித்தான் எழுதக் கற்றுக் கொடுத்தார், இரண்டு குச்சி, ஒரு கை, ஒரு இதயம் என்றாள். ஆயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நான் அத்தை சொன்ன முதல் அடியைச் சொன்னேன், பாடத் தெரியாது, சும்மா சொன்னேன். அவர் "அலகிட்டு மெழுக்கும் இட்டு" வரைக்கும் தானே போய், அதற்கு மேலும் போனார், "தலையாரக் கும்பிட்டுக் கூத்தும் ஆடி" வரைக்கும். அந்தப் பக்கம் பெண் ஒன்றும் புரியாமல் கை கூப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெயருக்கு அறிவு என்று அர்த்தம் என்றதும் ஆயா, "அப்ப தமிழ்ல அறிவுன்னு பக்கத்துல போட்டுடு" என்றார். பெயரை மொழிபெயர்த்துப் போடக் கூடாது ஆயா, கூப்பிடுவது ஹுய்தான் என்று சொல்லியிருக்கிறேன், ஒத்துக்கொண்டார்.

கடையில் பேசிவிட்டேன். அவர்களும் தன்மையாகத்தான் சொன்னார்கள், எழுத்தை அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம் என்று. இன்று மதியம் புதுத் தாள் வந்தது. மேலே ஆன்டெனா இரண்டு, நடுவில் கை, கீழே சொட்டு. படம் எடுத்து அவளுக்கு அனுப்பியிருக்கிறேன், இன்னும் "சரி" வரவில்லை, அங்கே இப்போது அலுவலக நேரம். பெயரின் இரண்டாவது எழுத்தைப் பற்றி ஆயா ஏற்கெனவே கேட்க ஆரம்பித்துவிட்டார், அதற்கு அந்தப் பெண்ணின் சம்மதம் வாங்கிக்கொண்டு தனியாக ஒரு கேள்வி போடுகிறேன்.